வர்ணங் கரைக்கும் வித்தை

பிள்ளைகளின் விளையாட்டு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடும் காரியங்களுள் மாதிரி விமானங் கட்டுவதும் ஒன்று. பெட்டியொன்றினுள்ளே பிளாஸ்ரிக் துண்டுகள் சட்டத்தோடு சட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டியெடுத்து, அரத்தாளால் தேய்த்து, பசையிட்டுப் பொருத்தினால் உண்மையான விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கான உருவம் ஒன்று கிடைக்கும். அத்துடன் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் அநேகர். பாதி வேலைதானும் அப்போது முடிந்திராது. சாம்பல் நிறப் பொம்மை விமானமாக மாறுவது வர்ணத்தினால். அந்த வர்ணமும் தூரிகையால் அப்புவதன்று, காற்றினால் தெளிப்பது. தெளிப்பதற்கு முன்னர் அதனைக் கரைக்க வேண்டும். எதனைத் தெரிவது, எதனால் கரைப்பது, எவ்வளவு கரைப்பது என்னும் மூன்று கேள்விகளிலேதான் இந்த வித்தையின் உயிர்நிலை இருக்கிறது. கொக்குவிலில் எமது வீட்டு விறாந்தையிலே சென்ற ஆண்டு சில மாதங்களாக இவ்வித்தை நடைபெற்றது. அதிலே கண்டவற்றை வாசக நேயர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, இங்கே எழுதுகிறோம்.

எமது மகளின் மகன் உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் படிப்பவன். கனடாவிலுள்ள அவனுடைய மாமன் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். உள்ளே இருந்தது டக்கோட்டா விமானம். டக்ளஸ் கம்பெனியாரின் டீ.சி. 3 என்னும் இவ்விமானம் முதன்முதலாகப் பறந்தது 1935ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி. இரண்டாம் உலக யுத்தத்திலே அதன் இராணுவ வடிவங்கள் பதினாயிரத்துக்கு மேற்பட்டுச் செய்யப்பட்டன. பெட்டியின் மேற்புறத்திலும் இராணுவ விமானமே வரையப்பட்டிருந்தது. மங்கிய பச்சை உடல். நோர்மண்டிக் கரையிறக்கத்தின்போது தீட்டிய கறுப்பு வெள்ளைப் பட்டிகள். கீழே குதித்துக்கொண்டிருக்கும் பரசூட் வீரர்.

அந்தப் படத்தைக் கண்டதும் பையனுடைய தாயின் முகம் மாறிவிட்டது. “உதை எங்கட வீட்டிலே வைக்கிறதோ?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள். ஆகாயத்திலே இரைச்சல் கேட்டால் பதுங்குகுழியைத் தேடி ஓடிய தலைமுறையைச் சேர்ந்தவள் அவள். விமானம் என்றால் எங்கோ தூரதேசத்துக்குப் போகும் வாகனம் என்று நினைக்கின்ற பாக்கியம் அவளுடைய சிறுபிராயத்துக்குக் கிடைக்கவில்லை. பையன் சற்று நேரம் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பின்பு, “அம்மப்பா, பச்சை அடிக்காட்டில் இது சண்டைப் பிளேன் இல்லைத்தானே?” என்று எம்மிடம் கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்டானோ, யோசித்துக் கேட்டானோ, நாம் அறியோம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. உருவம் ஒன்றே, வர்ணமே அதனைப் படைவீரர்களின் வாகனமாகவும், பிரயாணிகளின் வாகனமாகவும் ஆக்குகிறது.

எமது குடாநாட்டுக்கும் டக்கோட்டாவுக்கும் பழைய உறவு உண்டு. இரண்டாம் உலக யுத்த காலத்திலே பிரித்தானிய விமானப் படையினர் பலாலியில் விமானத் தளம் அமைத்தனர். யுத்தம் முடிந்த பின்னர், எயார் சிலோன் தாபனத்தின் முதலாவது சேவை 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்று அப்போது சொல்லப்பட்ட இந்தப் பலாலித் தளத்தில் இறங்கி, சென்னைக்குப் போயிற்று. சென்ற விமானம் டக்கோட்டா; பெயர் ‘சீதாதேவி’. எயார் சிலோன் 1978ஆம் ஆண்டளவில் மறைந்துபோனது. பலாலியிலும் இடையிலே என்னென்னவோ நடந்தன. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆந் திகதி அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நோய்க்காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மீண்டும் ஆரம்பித்தது. இவ்வளவையும் பையனுக்கு நாம் சொன்னோம். ஆனால் அவனை அசைத்தது நாம் சொன்ன சரித்திரமன்று. எமது மூத்த சகோதரி, எண்பது வயதைக் கடந்தவர், சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே, “நான் அதிலே ஏறினனான் மோனை” என்று சொன்னாரே, அதுதான்.

அக்கா பன்னிரண்டு வயதிலே, 1950களின் நடுப்பகுதியில், எமது தகப்பனாருடன் பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்தவர். அதன்பின் அவர் விமானம் ஏறவில்லை. வருகின்ற ஆவணியிலே மகனோடு வாழக் கனடாவுக்குப் போவதென்று நிச்சயமாகியிருந்தது. அதற்கு முன்னர் விமானம் முடியவேண்டும் என்று பையன் தானாகவே தவணை குறித்துக்கொண்டான். இன்னொரு சங்கதியும் இருந்தது. அக்காவுக்கு நெடுங்காலமாகத் தொய்வு. பக்கத்து வீட்டில் வாகனத்துக்கு வர்ணம் அடித்தால் எங்கள் வீட்டு யன்னல்களைச் சாத்திவிடுவோம். ஆகவே எந்த வர்ணம் என்னும் கேள்வி எமது வீட்டைப் பொறுத்தவரையில் அழகைப் பற்றியது மட்டுமன்று. ஒருவருடைய மூச்சைப் பற்றியதுமாகும்.

1960களிலே எமது பள்ளித் தோழர் ஒருவரிடம் எயார்பிக்ஸ் கம்பெனியின் சிறு விமானம் ஒன்று இருந்தது. அதற்குப் பூசியது ஹம்பிறோல் எனாமல். பெருவிரல் பருமனான தகரச் சிமிழ்களில் வரும். கரைப்பதற்குத் தேப்பந்தைலம். காய்வதற்கு ஒரு நாள் செல்லும், வீடெல்லாம் மணக்கும். இன்று பெரும்பாலோர் கையாள்வது அக்கிரிலிக் வர்ணம். ஆனால் அக்கிரிலிக் என்று போத்தலில் எழுதியிருப்பவை எல்லாம் ஒரு சாதியல்ல என்பதைப் புதிதாகத் தொடங்குவோர் முதலில் அறியவேண்டும்.

ஒருவகை, நீரிலே நுண்துளிகளாக மிதக்கும் பிசினையும் நிறப்பொடியையும் கொண்டது. ஸ்பானிய தேசத்து வயேஹோ வர்ணம் இவ்வகை. நீர் வற்றியதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய தோலாகின்றன. மணம் மிகக் குறைவு, எளிதில் தீப்பற்றாது. மற்றொரு வகை, யப்பானின் தமியா போன்றது. நீருடன் சேரும் என்றாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மதுசாரமும் அதன் இனத்தனவுமே. தெளிப்பதற்கு இதனைப்போல வசமானது வேறில்லை; ஆனால் மூக்கில் ஏறும். மூன்றாவது வகையின் பிசினும் அக்கிரிலிக் தான். ஆயினும் அது கரைந்திருப்பது கடுமையான தின்னரிலே. லாக்கர் என்று சொல்வார்கள். வாகனத்துக்கு அடிக்கும் வர்ணத்தின் நெருங்கிய உறவு. பிளாஸ்ரிக்கை இலேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். உலோகப் பளபளப்புக் காட்டுவதிலே அதற்கு ஈடில்லை என்பது அனுபவசாலிகள் பலருடைய அபிப்பிராயம்.

விமானமோ வர்ணம் பூசாத உலோக உடம்புடையது. ஆகவே லாக்கர் வேண்டும் என்று பையன் முதலில் அடம் பிடித்தான். பின்பக்கத்துக் கொட்டிலிலே வைத்துத் தெளித்தால் பெரியாச்சிக்குத் தெரியாது என்பது அவன் வாதம். சோளகக் காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வீசுகிறது என்று நாம் அவனைக் கேட்டோம். கொட்டில் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது. சோளகம் தெற்கிலிருந்து வருவது. அவன் மறுமொழி சொல்லவில்லை. அன்று மாலையே நீர்வகை வர்ணமொன்றைத் தேடத் தொடங்கினான்.

யாழ்ப்பாணத்து இரும்புக் கடைகளிலே சுவருக்கும் கதவுக்கும் வாகனத்துக்கும் உரிய வர்ணம் வேண்டியமட்டும் உண்டு. பொம்மை விமானத்துக்குரியதைக் கொழும்பிலிருந்து வரவழைக்கவேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருகின்ற உறவினர் பெட்டியிலே கொண்டுவரவேண்டும். தீப்பற்றும் திரவங்களை விமானத்திலே கொண்டுவர விடமாட்டார்கள். இதனாலும் நீர்வகையே எமக்கு வாய்த்தது. வயேஹோ கம்பெனியார் உலோக நிறங்களுக்கென்றே மிக நுண்ணிய பொடியில் ஒரு வரிசை செய்கிறார்கள். முப்பத்திரண்டு மில்லிலீற்றர் போத்தல்கள். அலுமினியம், மங்கிய அலுமினியம், டியூரலுமின் என்று ஒரே வெண்மையிலே பல வேறுபாடுகள். இலண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவர் மூன்று போத்தல்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்காவின் பயணம் அடுத்த ஆண்டு ஆவணிக்கு என்றபடியால் கையிலே காலமும் இருந்தது.

எந்த நிறம் என்று தீர்மானிப்பது பெரும்பாடாய்ப் போயிற்று. பழைய படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. அவை ஒளியையும் நிழலையும் சொல்லும், நிறத்தைச் சொல்லமாட்டா. பையன் மூன்று கரண்டிகளில் மூன்று நிறங்களையும் தெளித்து அக்காவின் முன்னே நீட்டினான். முதலாவது கரண்டியைக் கண்டதும் அக்கா சிரித்துவிட்டார். “உது கலியாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மினுங்குது. நான் கண்டது உப்பிடியில்லை மோனை. குசினியிலே அந்தப் பழைய அலுமினியச் சட்டியைப் போய்ப் பார். சாம்பல் போட்டுப் பொச்சாலே தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு நிறம் வருமெல்லோ, அது.”

சட்டி வந்தது. வெயிலில் ஒருமுறை, நிழலில் ஒருமுறை கரண்டிகளை அதனருகே பிடித்துப் பார்த்தோம். மங்கிய அலுமினியத்தில் இரண்டு பங்கும் டியூரலுமினில் ஒரு பங்கும் சேர்ந்தபோது சட்டியும் கரண்டியும் ஒன்றாயின. விமானத்தின் முதுகுப்புறம் எப்படி இருந்தது என்று பையன் விடாமல் கேட்டான். “நான் உள்ளுக்கை இருந்தனான். கூரையை எப்பிடிக் கண்டனான்?” என்று அக்கா சொன்னார். நேர்மையான சாட்சி! தெரிந்ததை மட்டுமே சொல்பவர்கள் சரித்திரம் எழுதுவோரிடையேயும் அருமை. செட்டை முழுவதும் வெறும் உலோகம் என்பதில் மாத்திரம் அவருக்குச் சந்தேகமே இல்லை. யன்னலோரத்தில் இருந்து வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு போனவர். ஆகவே உடம்பு முழுவதையும் உலோக நிறமாகவே விடுவதென்று பையன் முடிவு செய்தான்.

இனிக் கரைக்கும் விதம். போத்தலிலுள்ள வர்ணம் தூரிகைக்குரிய தடிப்பில் இருந்தால், 0.3 மில்லிமீற்றர் துவாரத்தினூடாக அது புகாது. நூல்களிலே பார்த்தால் எல்லாரும் ஒரே உவமையைச் சொல்கிறார்கள்: பாலைப் போலக் கரைக்கவும் என்று. பால் என்றால் எந்தப் பால்? மாட்டுப்பாலோ, தேங்காயின் முதற்பாலோ, கடைசிப் பாலோ? சிரிப்புக்காகக் கேட்கவில்லை. எங்கள் குசினியிலே இவை மூன்றும் மூன்று தடிப்பு. பையன் கண்டுபிடித்த அளவு இது: கலக்கும் கிண்ணத்தின் உட்சுவரிலே வர்ணத்தைக் குச்சியால் ஏற்றிவிடவேண்டும். அது கட்டியாக நின்றால் போதாது; நிறமே தங்காமல் ஓடிவிட்டால் மிகை. மெல்லிய படலமொன்றைச் சுவரில் விட்டுவிட்டு மெதுவாக வழிந்து இறங்கினால் பதம் சரி. எமது மகள் அதைப் பார்த்துவிட்டு, தேங்காயின் இரண்டாம்பால் என்றாள். அன்றுமுதல் வீட்டில் அதற்கு அதுவே பெயர்.

விகிதங்களைக் கேட்கும் மாணவர்களுக்குச் சொல்வோம். தமியா வகைக்கு வர்ணம் ஒரு பங்கு, அதற்குரிய தின்னர் ஒரு பங்கு முதல் இரண்டு பங்குவரை. வயேஹோவிலே தூரிகைக்கென்று செய்த தடித்த வர்ணத்துக்கு ஏறக்குறையச் சமபங்கு. தெளிப்பதற்கென்றே செய்ததற்குப் பத்திலொன்று, ஐந்திலொன்று சேர்த்தாலே போதும். உலோக வரிசை போத்தலில் இருக்கும்போதே தெளிக்கத் தக்கது. நன்றாகக் குலுக்கினால் சரி. எந்த வகையானாலும் அந்த வகைக்குரிய கரைப்பானையே சேர்ப்பது உத்தமம். நீர்வகை வர்ணத்திலே மதுசாரத்தை ஊற்றினால் என்னவாகும் என்பதைப் பையன் வேண்டுமென்றே ஒரு மூடியில் செய்து காட்டினான். பாலில் தேசிக்காய் பிழிந்தாற்போலத் திரைந்து கட்டிபட்டது. மிதந்துகொண்டிருந்த பிசின் துளிகளின் சமநிலை குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. துப்பாக்கியின் உள்ளே இது நிகழ்ந்தால் ஊசியை வெளியே இழுப்பதே கஷ்டம். இதைச் சொல்லும்போது ‘துப்பாக்கி’ என்ற சொல்லை எமது மகள் விரும்பவில்லை. ஆகவே நாமும் இனி அதனைத் தெளிகருவி என்றே எழுதுவோம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீர்வகைதானே, கிணற்றுத் தண்ணீர் போதாதா என்று கேட்கத் தோன்றும். கொக்குவிற் கிணறு சுண்ணக்கல்லைத் துளைத்து வெட்டிய கிணறு. கேத்திலின் உட்புறத்தில் படிகின்ற வெள்ளைப் படையை அறியாத யாழ்ப்பாணத்து வீடு இல்லை. அந்தத் தண்ணீரை மயிரிழைத் துவாரத்தினூடாக விடலாமா? வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் சிறு விலைக்குக் கிடைக்கிறது. கருவியைக் கழுவுவதற்குக்கூடக் கடைசித் தடவைக்கு அதையே வைத்துக்கொண்டோம்.

காற்றை அமுக்கிக் கொடுக்கும் யந்திரம் கடையில் வாங்கப்படவில்லை. எமது ஊரிலே குளிர்சாதனப் பெட்டி திருத்துபவர் ஒருவர், பழைய பெட்டியொன்றின் கொம்பிறசரை ஒரு காற்றுத் தொட்டியோடு இணைத்து, அமுக்கமானியும் பாதுகாப்பு வால்வும் பூட்டிக் கொடுத்தார். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்ட ஊர் இது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுப் படித்த பிள்ளைகள் இன்று எங்கெங்கோ பொறியியலாளர்களாக இருக்கிறார்கள். ஆனாலும் அமுக்கத் தொட்டியோடு பிள்ளைகள் தாமாக விளையாடலாகாது. தகுதியுள்ளவர் கையால் செய்வித்தே பாவிக்கவேண்டும். குளிர்சாதனக் கொம்பிறசர் காற்றோடு எண்ணெயையும் சிறிது துப்பும். ஆகவே எண்ணெயையும் ஈரத்தையும் பிடித்து நிறுத்தும் வடியும் அவசியம். சதுர அங்குலத்துக்குப் பதினைந்து இறாத்தல் முதல் இருபது இறாத்தல்வரை அமுக்கம் வைத்தோம். வர்ணம் நீர்த்துப்போகப் போக அமுக்கத்தையும் குறைத்துக்கொண்டே வரவேண்டும். நீர்த்த வர்ணத்தின்மீது பலத்த காற்று மோதினால் பிளாஸ்ரிக்கின் மேலே சிலந்திக் கால்கள் போல நாலாபுறமும் ஓடிவிடும். தடித்த வர்ணத்தைத் தூரத்திலிருந்து தெளித்தால், துளிகள் விழுமுன்னே அரைவாசி காய்ந்து, தோடம்பழத் தோல்போலச் சொரசொரக்கும்.

எங்கள் நாட்டு வெக்கையிலே இந்த இரண்டாவது தொல்லையே அதிகம். குளிர்நாட்டார் எழுதிய அளவுகள் வைகாசி மாதத்து யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தா. தெளிகருவியின் ஊசிமுனையிலே வர்ணம் காய்ந்து மூக்குச்சளிபோலத் திரண்டுவிடும். சற்றுப்பொறுத்து அது பிய்ந்து பறந்து செட்டையில் அப்பும். காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் விற்கிறார்கள். கிண்ணத்துக்கு ஒன்றிரண்டு துளி விடலாம். கூடினால் வர்ணம் நாட்கணக்காகப் பிசுபிசுக்கும். அதைவிட நல்ல மருந்து அதிகாலை. ஐந்தரை மணிக்கு எழுந்தால் காற்றும் இல்லை, தூசியும் இல்லை. 2015ஆம் ஆண்டு தொடக்கம் காங்கேசன்துறைவரை மீண்டும் ஓடுகின்ற ரயில் எமது ஊரைக் கடக்கும்போது மாத்திரம் பையன் கையை நிறுத்திக்கொள்வான். நிலம் அதிர்கிறது என்பான். எமக்கு ஒன்றும் அதிர்ந்ததாகத் தெரியவில்லை. ரயில் பார்க்கப் போவதற்கு அஃதொரு சாட்டு என்றே நினைக்கிறோம்.

நீர்வகை வர்ணமாதலால் முகமூடி வேண்டாம் என்று எண்ணலாகாது. மணம் இல்லாதது வேறு, தீங்கு இல்லாதது வேறு. பனிபோலப் பறக்கின்ற நிறப்பொடி நெஞ்சுக்குள் போகத்தான் செய்யும். பெரிய கடதாசிப் பெட்டியொன்றின் பின்புறத்தை வெட்டி, வடிதுணி கட்டி, அதன் பின்னே சிறு விசிறியொன்றைப் பூட்டி, வடக்குப் பக்கத்து யன்னலால் வெளியே போகும்படி அமைத்தோம். அக்கா முன் அறையிலே இருப்பார். முதல் நாள் தெளித்தபோது நாம் அவரருகிலேயே இருந்து அவருடைய மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தோம். அவர் ஒரு தரங்கூட இருமவில்லை, “தொடங்கிட்டானோ?” என்று கேட்டார். அப்போதுதான் எமக்கும் மூச்சு வந்தது.

பிளாஸ்ரிக்கைச் சவர்க்கார நீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையைப் போக்கி, ஒரு நாள் காயவிட்டபின் முதலிலே தெளித்தது கறுப்பு. வெள்ளி நிறத்துக்கு அடியில் பளபளப்பான கறுப்பு இருந்தாலே அலுமினியம் அலுமினியமாகத் தோன்றும். உலோகப்பொடி மிக மெல்லிய செதில்களாய்ப் படிவது; அடியிலுள்ள கருமை அதற்கு ஆழத்தைக் கொடுக்கிறது. கறுப்பு மூடுண்ட விமானத்தைக் கண்டு எமது மகள் திடுக்கிட்டது உண்மை. இரண்டு நாள் பொறுத்து, நான்கு விரற்கடைத் தூரத்திலிருந்து, முதலில் தூறல், அதன்மேல் ஒரு தூறல், பின்பு சற்று ஈரமாக ஒன்று என்று மூன்று படைகளில் சட்டியின் நிறம் ஏறிற்று. அதன்பிறகு சில தகட்டுச் சதுரங்களை மட்டும் ஒட்டுத்தாளால் எல்லை கட்டி, ஒரு நிழல் கூட்டியும் குறைத்தும் தெளித்தான். நிசமான விமானத்திலும் தகடுகள் எல்லாம் ஒரே விதமாக மினுங்குவதில்லை. நாற்பது சதமமீற்றர் அகலமுள்ள செட்டையிலே இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கவேண்டும். எட்ட நின்று பார்க்கும் பெரிய பொருளின் நிறத்தை இடையிலுள்ள ஆகாயம் சற்று வெளிறச் செய்கிறது. ஆகவே சிற்றுருவத்துக்கு நிறத்தை ஒரு மாற்றுக் குறைத்தே தீட்டவேண்டும் என்பது இக்கலையில் வல்லோர் கொள்கை. எல்லாரும் இதனை ஒப்புக்கொள்வதில்லை. எமக்கு அது சரியாகவே படுகிறது.

பெயரெழுத்துக்கள் பெட்டியில் இல்லை. பையன் ஒட்டுத்தாளில் எழுத்துக்களை வெட்டி நீக்கி, அந்த இடைவெளிகளூடாகத் தெளித்தான். ஒட்டுத்தாளை உரிக்கும்போது ஓரிடத்தில் வர்ணமும் கூடவே வந்துவிட்டது. நீர்வகையின் பலவீனம் அதுதான். லாக்கரைப்போல அது பிளாஸ்ரிக்கைக் கடித்துப் பிடிப்பதில்லை. அவன் முகம் கறுத்தது. லாக்கர் என்றால் இப்படி வந்திராது என்று வாய்க்குள் சொன்னது எமது காதிலும் விழுந்தது. ஆயினும் உரிந்த இடத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி மறுபடி தெளித்தான். அது ஒரு கிழமை வேலை.

கழுவிய நீரைக் கிணற்றடியிலே ஊற்றக்கூடாது என்பதில் நாம் கண்டிப்பாக இருந்தோம். எமது குடாநாட்டிலே ஆறில்லை. குடிப்பதும் இறைப்பதும் நிலத்தடி நீரே. ஊற்றுவது சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் கீழே இறங்கிவிடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் கலந்திருப்பது தெரியவந்தபோது சனங்கள் பட்ட அவதியை இன்னும் மறக்கவில்லை. கழுவிய நீரைத் தகரத்தில் விட்டு வெயிலில் வற்றச்செய்து, அடியில் படிந்த தோலைச் சுரண்டிக் குப்பையோடு சேர்த்தோம்.

ஆடி மாதம் விமானம் நிறைவேறிற்று. பையன் அதைப் பலகையொன்றில் வைத்து அக்காவின் மடிமேல் வைத்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் யன்னல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, ஒன்றிலே நிறுத்தினார்.

“இதிலேதான் ஐயா என்னை இருத்தினவர். ஆனால் மோனை, இந்த இஞ்சின் இவ்வளவு துப்புரவாய் இருக்கேல்லை. கறுப்பாய் எண்ணெய் ஒழுகி, காத்துக்குப் பின்னாலே இழுபட்டுக் கிடந்தது. நான் பயந்து போனன். ஐயாதான் சொன்னவர், எண்ணெய் ஒழுகுதெண்டால் உள்ளே எண்ணெய் இருக்குதெண்டு அர்த்தம், பயப்பிடாதை எண்டு.”

வட்ட இஞ்சின்கள் எண்ணெய் ஒழுகுவதிலே பேர்போனவை. பையன் மறுபேச்சில்லாமல் எழுந்து போனான். எரிந்த மண்ணிறத்தில் ஒரு துளி, கறுப்பில் அரைத்துளி. அதற்கு ஒன்பது பங்கு தின்னர். இதுவரை கரைத்த எல்லாவற்றிலும் இதுவே மெல்லியது. கிண்ணத்தில் அழுக்குத் தண்ணீர்போல இருந்தது. அமுக்கத்தைப் பத்து இறாத்தலுக்கு இறக்கினான். நல்லூர் வீதி ஐஸ்கிறீம் கடைகளிலிருந்து சேர்த்து வைத்த பிளாஸ்ரிக் கரண்டிகளில் ஒன்றை எடுத்து, முதலில் சட்டியின் நிறத்தைத் தெளித்துக் காயவைத்து, அதன்மேல் இந்த நிறத்தை ஒரு கோடாக இழுத்தான். கண்ணுக்குப் படவில்லை. மறுபடி இழுத்தான். ஏழாந் தடவையில் விளக்குப் புகை சுவரில் படிந்தாற்போல ஒரு நிழல் தோன்றிற்று. கரண்டியை அக்காவிடம் காட்டினான். “இன்னும் கொஞ்சம்” என்றார். எட்டு, ஒன்பது. பத்தாந் தடவையில், “காணும்” என்றார்.

இரண்டு இஞ்சின்களுக்கும் பின்னாலே அப்படியே பத்துத் தடவை இழுத்தான்.

ஆவணியிலே அக்கா பலாலியிலிருந்து சென்னை வழியாகப் புறப்பட்டார். விமானத்தைக் கொண்டுபோகும்படி பையன் பஞ்சு வைத்துப் பெட்டியும் செய்திருந்தான். சில்லும் அன்ரனாக் கம்பியும் முறிந்துவிடும், இங்கேயே இருக்கட்டும் என்று அவர் மறுத்துவிட்டார். அது இப்போது எமது கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. அந்த ஐஸ்கிறீம் கரண்டியை மட்டும் அவர் லேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.